டெஸ்மண்டுக்கு ஒரு கனெக்‌ஷன்

பிரேசர் டவுன், பெங்களூர்
9 ஜூன் 2024

அன்புத் தம்பி லாயிட்டுக்கு,

அக்கா மௌரீன் எழுதுகிறேன். மாதா தயவில் நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்? ஏற்காட்டில் மழை ஆரம்பித்திருக்கும். கழுத்தில் மப்ளர் இல்லாமல் வெளியே போகாதே. ஆபரேஷனில் உன் குரல் போனதிலிருந்து உனக்குப் போன் போடவே மனம் வருவதில்லை. நான் பாட்டுக்குப் பேச, அந்தப் பக்கம் நீ மேஜையைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருப்பது எனக்குத் தாங்கவில்லை. என் பட்டன் போனில் மெசேஜ் அடிக்கவும் எனக்கு வராது. அதனால் இனிமேல் கடிதம்தான்.

உன்னிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். எங்கள் தெருவில் கம்பத்துக்குக் கம்பம் தொங்கிய வயர்களையெல்லாம் போன வாரம் வெட்டிப்போட்டார்கள். கேபிள்காரர் வந்து பார்த்துவிட்டு, "இனிமே இந்த ரோட்ல நான் கேபிள் ஓட்டறதா இல்லம்மா, வேற ஏதாவது பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து டிவி கறுப்பாகக் கிடக்கிறது.

எனக்கு டிவி வேண்டாம். உன் மாமா டெஸ்மண்டுக்குத்தான். காலைக் காபியிலிருந்து ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் அதன் எதிரில்தான் இருப்பார். இப்போது அறைக்கு அறை நடக்கிறார். மறதி கொஞ்சம் கூடியிருக்கிறது. வயசாகிறது இல்லையா.

ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மாடியில் நம் பழைய ஆன்டெனா இன்னும் நிற்கிறது, அதுவே போதும் என்கிறார் மாமா. டிஷ் போடு என்கிறார்கள் கோயிலில். கீழ் போர்ஷனில் குடியிருக்கும் நர்ஸ் பிரிஜெட், "இன்டர்நெட்ல பாக்கற மாதிரி பண்ணிடுங்க ஆன்ட்டி, எப்ப வேணா எது வேணா பாக்கலாம்" என்கிறாள். முப்பது வருஷம் பிசிக்ஸ் நடத்தினவன் நீ. எது நல்லது என்று விவரமாக எழுது.

உனக்காக ஜெபிக்கிற
அக்கா மௌரீன்


ஏற்காடு
20 ஜூன் 2024

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. நான் சௌக்கியம். பக்கத்து வீட்டு அப்பாதுரை தினமும் எட்டிப் பார்த்து, கஞ்சி வைத்தேனா என்று கேட்டுவிட்டுப் போகிறார். மாமாவை விசாரித்ததாகச் சொல்.

ஆன்டெனாவை மறந்துவிடுங்கள். அந்தக் காலத்து ஒளிபரப்பை ஏறக்குறைய எல்லா ஊரிலும் நிறுத்திவிட்டார்கள். பெரிய நகரங்களில் டிஜிட்டலாக ஒன்றிரண்டு அரசாங்கச் சேனல் வருகிறதென்று கேள்வி. அதைப் பிடிக்கவும் அதற்கென்று செய்த டிவியோ பெட்டியோ வேண்டும். உங்கள் மாடியில் நிற்பது துணி காயப் போடத்தான் ஆகும்.

டிஷ் என்றால் சாட்டிலைட்டிலிருந்து நேரே வருவது. வயர் வெட்டுகிறவர்களைப் பற்றிக் கவலை இல்லை. மாதச் சந்தா கட்டினால் எல்லாச் சேனலும் வரும். கட்டாமல் அரசாங்கத்தின் இலவச டிஷ்ஷும் இருக்கிறது, அதில் தமிழ் குறைவு. பெரிய மழை வந்தால் படம் நின்றுவிடும். தென்கிழக்குப் பக்கம் வானம் திறந்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் அடுக்குமாடி ஏதும் எழும்புகிறதா என்று பார்த்துக்கொள்.

இன்டர்நெட் டிவியில் பிரிஜெட் சொல்வது போல நினைத்ததை நினைத்த நேரத்தில் பார்க்கலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒருவர் உட்கார்ந்து தேடிப் போட வேண்டும். மாமாவுக்கு அந்த ரிமோட் பிடிபடாது. போட்டதும் ஓடுகிற டிவிதான் அவருக்குச் சரி. ஆகவே டிஷ் போடு.

இன்னொன்று. உன் எழுத்து எப்போதும் வலப்பக்கம் சாயும். இந்தத் தடவை முதல் வகுப்புப் பிள்ளை எழுதினது போலக் கோணல்மாணலாக இருக்கிறது. கைக்கு என்ன?

அன்புடன்
லாயிட்


பிரேசர் டவுன்
11 ஜூலை 2024

அன்புத் தம்பிக்கு,

நலம். உன் நலமே என் கவலை. சேலத்து டாக்டரிடம் இந்த மாசம் காட்ட வேண்டுமே, காட்டினாயா?

நீ சொன்னபடி டிஷ் போட்டாயிற்று. நீலசந்திராவிலிருந்து கிஷோர் என்று ஒருவர் வந்து மாட்டினார். படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது.

ஆனால் அது மாமாவை மாடிக்கு இழுக்கிறது. அந்தக் காலத்தில் ஹாக்கி மேட்ச் நடக்கிற நாளில் தெருவே நம் வீட்டில் கூடும், நினைவிருக்கிறதா? மாமா மாடியில் நின்று ஆன்டெனாவைத் திருப்புவார். "வந்துச்சா?" என்று மேலிருந்து கத்துவார், நான் கீழிருந்து "இன்னும் கொஞ்சம்" என்பேன். இப்போதும் அப்படித்தான். படம் நன்றாகத்தான் ஓடும். எழுந்து மாடிக்குப் போய் டிஷ்ஷைப் பிடித்துத் திருப்பிவிடுவார். படம் போய்விடும். "வந்துச்சா மௌரீன்?" என்று கேட்பார். நான் என்ன சொன்னாலும் இறங்குவதில்லை. கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான். கிஷோர் இதுவரை மூன்று தடவை வந்து சரி செய்துவிட்டார். கடைசியாக வந்தபோது, "அங்கிளை மேல விடாதீங்கம்மா, டிஷ் போனா வேற மாட்டிக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

கைக்கு ஒன்றுமில்லை. பாத்ரூம் கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டது. இடது கையால் எழுதுகிறேன். ஆறிவிடும்.

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும்.
அக்கா


ஏற்காடு
19 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்கா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். பழைய மாணவன் ஒருவன் வீட்டு விசேஷத்துக்காகச் சேலத்தில் கொஞ்ச நாள் தங்க வேண்டியதாயிற்று. டாக்டரையும் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்.

மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை உன் இடுப்பில் வைத்துக்கொள். டிஷ்ஷைக் கழற்றிவிடச் சொல். முதலில் நான் சொன்னது தப்பு. மாமாவுக்கு இன்டர்நெட் டிவிதான் சரி. திருப்புவதற்கு அதில் ஒன்றும் கிடையாது. எல்லாம் சுவருக்குள்ளே, பெட்டிக்குள்ளே. டிவிக்குப் பின்னால் விரல் நீளத்துக்கு ஒரு ஸ்டிக் செருகினால் போதும், புது டிவி வாங்க வேண்டாம். தேடிப் போடுகிற வேலை உனக்குத்தான். அவருக்குப் பிடித்த பழைய ஹாக்கி மேட்ச் ஏதாவது கிடைக்கும். அதையே போடு. ஒரே மேட்ச்சை ஆயிரம் தடவை போடலாம், தேயாது.

உன் போன கடிதத்திலும் இடது கைதான். இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது, கதவிடுக்குக் காயம் இவ்வளவு நாள் இருக்காது. எக்ஸ்ரே எடுத்தாயா? மறைக்காமல் எழுது.

அன்புடன்
லாயிட்


பிரேசர் டவுன்
10 செப்டம்பர் 2024

அன்புத் தம்பி,

மாதா திருவிழா முடிந்தது. சிவாஜிநகர் கோயிலில் நிற்க இடமில்லாத கூட்டம். நான் போகவில்லை, பிரிஜெட் போய் எனக்கும் சேர்த்து மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள். உனக்காகவும் ஒன்று.

இன்டர்நெட் வந்துவிட்டது. நீ சொன்னது போல ஒரு பழைய ஹாக்கி ஆட்டம் கிடைத்தது, கறுப்பு வெள்ளைக்குக் கொஞ்சம் மேலான கலர். மாமாவுக்கு அது ஒவ்வொரு நாளும் இன்றைக்கு நடக்கிற ஆட்டம். அந்த ஒரு கோல் விழும்போது தொடையில் தட்டி, "பாத்தியா, பாத்தியா" என்று என் பக்கம் திரும்புவார். அப்போது பழைய டெஸ்மண்ட்தான். நானும் தினமும் ஆச்சரியப்படுகிறேன். ஒரு மணி நேரத்துக்கு வீடு வீடாக இருக்கிறது.

நடுவில் விளம்பரம் வந்துவிட்டால்தான் கஷ்டம். யாரோ வீட்டுக்குள் நுழைந்துவிட்டதாக நினைக்கிறார். நெட் சிக்கிக்கொண்டு படம் நின்று வட்டம் சுற்றினாலும் அப்படித்தான். நான்தான் நிறுத்திவிட்டேன் என்று கோபம் வரும். கோபம் வந்தால் சத்தம் போடுவார். கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும்.

கையைப் பற்றி நீ இவ்வளவு கேட்க வேண்டியதில்லை. வயசான எலும்பு மெதுவாகத்தான் கூடும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


பிரேசர் டவுன்
3 அக்டோபர் 2024

மதிப்பிற்குரிய லாயிட் சார் அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. மௌரீன் ஆன்ட்டி வீட்டின் கீழ் போர்ஷனில் இருக்கிறேன், பெயர் பிரிஜெட். ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆன்ட்டியின் கடிதங்களை நான்தான் தபாலில் போடுகிறேன், அப்படித்தான் உங்கள் விலாசம் தெரியும். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆன்ட்டிக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன். தப்பாக நினைக்காதீர்கள்.

ஆன்ட்டியின் மணிக்கட்டு கதவில் மாட்டி ஒடியவில்லை. கேபிள் நின்றுபோன அந்த வாரம், டிவி வரவில்லை என்று அங்கிள் முறுக்கினதில் ஒடிந்தது. மாவுக்கட்டு போட்டவள் நான். எனக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை நெட் நின்றபோது ரிமோட்டால் முகத்தில் அடித்துவிட்டார். புருவத்துக்கு மேலே தையல். நான் சத்தம் கேட்டு மேலே ஓடினேன். ஆன்ட்டி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே, "மெதுவா பேசு பிரிஜெட், அவர் பயந்துடுவார்" என்றார்.

அங்கிள் கெட்டவர் இல்லை சார். நான் குடிவந்த புதிதில் என் நைட் டியூட்டிக்குக் கேட் திறந்துவைத்துக் காத்திருப்பார். இது நோய். ஆனால் அவருக்கு உடம்பில் பலம் இருக்கிறது, ஆன்ட்டிக்கு இல்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையை, அவர் பொம்மை மாதிரி ஆகிவிடுகிறார் என்று ஆன்ட்டி பாதிதான் கொடுக்கிறார். நான் சொன்னால் கேட்பதில்லை. பிள்ளைகளும் இல்லை. நீங்கள் ஒரு தடவை வந்து பார்த்தால் நன்றாக இருக்கும்.

தங்கள் உண்மையுள்ள
பிரிஜெட்


ஏற்காடு
14 அக்டோபர் 2024

அக்கா,

எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. யார் சொன்னார்கள் என்று கேட்காதே, அவர்கள் மேல் கோபப்படாதே. நான் இங்கே உட்கார்ந்து தென்கிழக்கு, சந்தா, ஸ்டிக் என்று பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தேன். நீ ஒடிந்த கையோடு அதையெல்லாம் படித்திருக்கிறாய்.

நேராகச் சொல்கிறேன். எந்தக் கனெக்‌ஷன் போட்டாலும் ஒரு நாள் நிற்கத்தான் செய்யும். அது நிற்கிற ஒவ்வொரு தடவையும் நீ அடி வாங்க முடியாது. சந்தாபுரா பக்கத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் இல்லம் ஒன்று இருக்கிறதாம், இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். விசாரித்துவிட்டேன். இடம் இருக்கிறது. மாமாவை அங்கே விடு.

நான் வந்து உன் கூட நிற்க வேண்டியவன்தான். இப்போது வர முடியாத நிலை. அதற்கு மேல் கேட்காதே.

லாயிட்


பிரேசர் டவுன்
24 அக்டோபர் 2024

லாயிட்,

உன் கடிதம் வந்தது. நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

நாற்பத்தாறு வருஷம் என் கூட இருந்தவரை ஆசிரமத்தில் தள்ளு என்று எழுத உனக்கு ஒரு பேனா போதும். உனக்கு ஆபரேஷன் நடந்தபோது ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருந்தவர் யார்? உன் வாயைத் துடைத்தவர் யார்? அந்த மனுஷனை, வந்து முகத்தைக்கூடப் பார்க்காமல், எங்கோ விடச் சொல்கிறாய். சேலத்தில் விசேஷத்துக்குப் போக முடிகிறது, பெங்களூருக்கு வர முடியவில்லை.

இனிமேல் நீ டிவியைப் பற்றியும் எழுத வேண்டாம், எதைப் பற்றியும் எழுத வேண்டாம்.

மௌரீன்


ஏற்காடு
4 நவம்பர் 2024

அன்புள்ள பிரிஜெட்டுக்கு,

உங்கள் கடிதத்துக்கு நன்றி. அக்கா என் மேல் கோபமாக இருக்கிறாள். நான் எழுதினால் இனிப் பிரிக்க மாட்டாள். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நீங்கள் நர்ஸ், சுற்றிவளைக்க வேண்டியதில்லை. ஆகஸ்டில் நான் சேலத்தில் இருந்தது ஆஸ்பத்திரியில். தொண்டைப் புற்றுநோய் திரும்பிவிட்டது. இந்தத் தடவை நுரையீரலில். ரேடியேஷன் கொடுத்துப் பார்த்தார்கள், பிரயோஜனம் இல்லை. படி ஏறினால் மூச்சு நிற்கிறது. கிறிஸ்துமஸ் வரை இருப்பேனா என்று எழுதிக் காட்டிக் கேட்டேன். டாக்டர் ஜன்னலைப் பார்த்தார்.

இதை அக்காவிடம் சொல்ல வேண்டாம். சொன்னால் இரண்டு பேரையும் தூக்கிச் சுமக்கப் பார்ப்பாள். அவள் தலையில் இன்னொரு நோயாளியை நான் ஏற்ற மாட்டேன். அவளை அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது போதும் எனக்கு.

லாயிட்


பிரேசர் டவுன்
25 நவம்பர் 2024

என் தம்பி லாயிட்டுக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கையெழுத்து வலது கை. கட்டைப் பிரித்து நாளாயிற்று, இன்னும் வலிக்கிறது, ஆனாலும் எழுத வருகிறது.

இந்த மாசம் நடுவில் இங்கே விடாத மழை. எங்கோ வயர் அறுந்து இரண்டு நாள் நெட் இல்லை. இரண்டாவது நாள் காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் டெஸ்மண்ட் இல்லை. கதவு திறந்திருந்தது. கோயில், மார்க்கெட், பழைய நண்பர்கள் வீடு, எல்லா இடத்திலும் தேடினேன். சாயங்காலம் ஒருவர் சொன்னார், மெயின் ரோட்டில் டிவி விற்கிற பெரிய கடையில் ஒரு வயசானவர் ரொம்ப நேரமாக உட்கார்ந்திருக்கிறார் என்று.

ஓடினேன். சுவர் முழுக்க டிவி. எல்லாவற்றிலும் ஒரே படம், ஏதோ கடல், ஏதோ மீன். அவர் நனைந்த சட்டையோடு நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர்கள் நல்லவர்கள், டீ வாங்கிக் கொடுத்திருந்தார்கள். "வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்று தோளைத் தொட்டேன். கையைத் தட்டிவிட்டார். மேனேஜரைப் பார்த்து, "இந்தம்மா யாருன்னு தெரியல. என் பின்னாடியே வராங்க. போகச் சொல்லுங்க சார்" என்றார்.

எவ்வளவு தெளிவாகச் சொன்னார் தெரியுமா? பைத்தியம் போலவே இல்லை. மேனேஜர் என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார். என் புருவத்தில் தையல் தழும்பு, தலைமுடி கலைந்து, காலில் செருப்புக்கூட இல்லை. "நீவு அவரிகே ஏனாகபேக்கு?" என்று கன்னடத்தில் கேட்டார், இவருக்கு நீங்கள் என்ன வேண்டும் என்று. பெண்டாட்டி என்றேன். அவரிடம் கேட்டார். அவர் தலையை ஆட்டினார், இல்லை என்று. போலீஸ்காரர் ஒருவர் வந்தார். ஏதாவது ப்ரூஃப் இருக்கிறதா என்றார். மழையில் தேடி ஓடி வந்தவளிடம் என்ன ப்ரூஃப் இருக்கும்? அத்தனை டிவிக்கு நடுவில், அவர் பெண்டாட்டி நான்தான் என்று யாராவது வந்து சொல்வதற்காகக் காத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் கடை போனில் கூப்பிட்டதும் பிரிஜெட் டியூட்டி யூனிஃபார்மோடு வந்து சொன்னாள். அவள் சொன்னதை நம்பினார்கள்.

இது பெரிசில்லை. ஆட்டோவில் வரும்போது அவர் கையை ஓங்கினார். வழக்கமாக நான் தலையைக் குனிந்துகொள்வேன். அன்றைக்குக் குனியவில்லை. அதற்கு முன்னால் என் கை போய்விட்டது. அறைந்துவிட்டேன் லாயிட். கன்னத்தில், பலமாக. ஒரு தடவை இல்லை. பிரிஜெட் என் கையைப் பிடித்த பிறகுதான் நிறுத்தினேன். அவர் திருப்பி அடிக்கவில்லை. மூலையில் ஒடுங்கிக்கொண்டு, "அடிக்காதீங்கம்மா, வந்துடறேன்" என்றார். யாரோ ஒரு அம்மாவிடம் கெஞ்சுவது போல.

அவர் என்னை அடித்த அத்தனை நாளிலும் அவரை அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் அடித்த பிறகு, இனிமேல் அவரை என் கூட வைத்துக்கொள்ளக் கூடாது என்று தெரிந்துவிட்டது. அடுத்த வாரமே பிரிஜெட்டும் நானும் கூட்டிக்கொண்டு போய் விட்டோம், நீ சொன்ன அதே இல்லத்தில்.

சங்கமித்ரா என்று ஒரு பெண் அங்கே பொறுப்பாக இருக்கிறாள். நான் எதையும் கேட்பதற்கு முன்னால் டிவி உண்டா என்று கேட்டேன். ஹாலில் ஒன்று இருக்கிறது, டிஷ்தான், மழையில் நிற்கும் என்றாள். "நின்னா என்ன பண்ணுவீங்க?" என்றேன். "கூட உக்காந்து பேசுவோம்மா. ரெண்டு மூணு பேர் மாத்தி மாத்தி இருக்கோம்" என்றாள். இங்கே மாற்றி உட்கார எனக்கு யாரும் இல்லை. டெஸ்மண்டை நாற்காலியில் உட்கார்த்தினார்கள். ஏதோ சமையல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. நான் வருகிறேன் என்று சொன்னேன். "சரிங்க" என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். நான் கேட் வரைக்கும் போய் நின்று பார்த்தேன். அவர் திரும்பவில்லை.

திரும்பி வருகிற வழியில்தான் பிரிஜெட் உன்னைப் பற்றிச் சொன்னாள். நீ சொல்ல வேண்டாம் என்றாயாம். இனியும் மறைத்தால் அவள் வாழ்நாள் முழுக்க என் முகத்தில் விழிக்க முடியாது என்று அழுதாள். அவள் மேல் கோபப்படாதே. ஆஸ்பத்திரி படுக்கையிலிருந்து எழுந்து வந்து ஸ்டிக்கைப் பற்றி எழுதியிருக்கிறாய். நான் உனக்கு அந்தக் கடைசிக் கடிதத்தை எழுதியிருக்கிறேன். அதை எங்கேயாவது கிழித்துப் போடு.

ஏன் மறைத்தாய் என்று நான் கேட்கப் போவதில்லை. நானும்தான் மறைத்தேன். எவ்வளவு நாள் என்றும் கேட்கப் போவதில்லை. நான் சுமந்துவிடுவேன் என்று நீ பயந்தாயாம். சரியாகத்தான் பயந்திருக்கிறாய். ஆனால் இப்போது என் வீட்டில் சுமப்பதற்கு யாரும் இல்லை. ஒரு ஆளுக்கு அரிசி போட எனக்குக் கை வரவில்லை. போட்டால் மீந்துபோகிறது.

அடுத்த வாரம் புதன்கிழமை காலை பஸ்ஸில் கிளம்பி, சேலத்தில் மாறி, மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன். உன்னை என் வீட்டுக்குக் கூட்டி வர, மலையிலிருந்து கீழே இறங்க கார் ஒன்று பேசி வைக்கும்படி அப்பாதுரையிடம் சொல். மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வை. பதில் எழுதாதே. நீ எழுதி அது வந்து சேருவதற்குள் நான் புறப்பட்டிருப்பேன்.

மாதா அதுவரைக்கும் உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும்.

உன் அக்கா
மௌரீன்